சிங்கப்பூரில் சொகுசுக் கார்: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

சிங்கப்பூரில் ஒரு சாதாரண ஜப்பானியக் காருக்குக் கொடுக்கும் பணத்தில் வண்டிக்கென்று போவது ஏழில் ஒரு பங்குகூட இல்லை. மீதியை சிஓஇ (வண்டியைப் பத்தாண்டு வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ்), வரிகள், விற்பனையாளர் லாபம் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. சொகுசு வண்டி தகுமா என்று கேட்பவர் முதலில் இந்தக் கூட்டலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிஓஇ ஏறக்குறைய எல்லார் தலையிலும் ஒரே சுமை. அதனால் இறக்குமதி மதிப்பில் 22,000 வெள்ளி வண்டிக்கும் 45,000 வெள்ளி வண்டிக்கும் உள்ள இருமடங்கு வித்தியாசம் கடைசி விலையில் 1.6 மடங்காகச் சுருங்கிவிடுகிறது. "இன்னும் கொஞ்சம் போட்டா பென்ஸே எடுத்துடலாமே" என்று லெங் கீ சாலைக் காட்சிக்கூடங்களில் காதில் விழும் பேச்சுக்கு அடிப்படை இதுதான். அந்தப் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதி ஐந்தாம் ஆண்டில், உத்தரவாதம் முடிந்தபின் தெரியவரும்.

விலை எங்கே போகிறது

கீழே உள்ள கணக்குக்கு 2023 பிப்ரவரியில் வந்த ஏஆர்எஃப் (கூடுதல் பதிவுக் கட்டணம்) படிநிலையும், 2024 முதல் நடப்பில் உள்ள 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் அடிப்படை. வண்டி 2024, 2025-ல் பதிவானது என்று வைத்துக்கொள்வோம். சிஓஇயும் விற்பனையாளர் லாபமும் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். ஏலத்துக்கு ஏலம் மாறும். 2023 அக்டோபரில் பெரிய இன்ஜின் வண்டிகளுக்கான பி பிரிவு சிஓஇ 150,001 வெள்ளிவரை போனது நினைவிருக்கலாம்.

வண்டியின் இறக்குமதி மதிப்பு ஓஎம்வி. அதன்மேல் 20 விழுக்காடு சுங்கத் தீர்வை. இரண்டையும் கூட்டி அதன்மேல் ஜிஎஸ்டி. பிறகு ஏஆர்எஃப்: ஓஎம்வியின் முதல் 20,000-க்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000-க்கு 140, அதற்கடுத்த 20,000-க்கு 190, அதற்கும் அடுத்த 20,000-க்கு 250, 80,000-க்கு மேல் 320. பதிவுக் கட்டணம் 350 வெள்ளி.

முதல் வண்டி, ஓஎம்வி 22,000, சிறிய இன்ஜினுக்கான ஏ பிரிவு: தீர்வை 4,400, ஜிஎஸ்டி 2,376, ஏஆர்எஃப் 22,800, சிஓஇ 95,000. அடக்கவிலை சுமார் 147,000. லாபம் 20,000 சேர்த்தால் 167,000.

இரண்டாவது, ஓஎம்வி 45,000, பி பிரிவு, 2.0 லிட்டர் டர்போ செடான் என்று எடுத்துக்கொள்ளலாம்: தீர்வை 9,000, ஜிஎஸ்டி 4,860, ஏஆர்எஃப் 57,500, சிஓஇ 110,000. அடக்கம் சுமார் 227,000, லாபம் 40,000, ஆக 267,000.

மூன்றாவது, ஓஎம்வி 90,000, 3.0 லிட்டர்: தீர்வை 18,000, ஜிஎஸ்டி 9,720, ஏஆர்எஃப் 168,000, சிஓஇ 110,000. அடக்கம் சுமார் 396,000, லாபம் 60,000, ஆக 456,000.

இனி திரும்பி வருவது. 2024, 2025-ல் பதிவான வண்டியின் பதிவைப் பத்தாண்டு நிறையுமுன் ரத்து செய்தால் ஏஆர்எஃப்பில் ஒரு பங்கு பார்ஃப் கழிவாகக் கிடைக்கும்: ஐந்தாண்டுக்குள் 75 விழுக்காடு, பிறகு ஆண்டுக்கு ஐந்து ஐந்தாகக் குறைந்து பத்தாம் ஆண்டில் 50. இந்தக் கணக்கில் உள்ள வண்டிகளுக்கு உச்சவரம்பு 60,000 வெள்ளி. பத்தாண்டு ஓட்டி ரத்து செய்தால் ஆண்டுத் தேய்மானம், அதாவது டெப்ரி, முதல் வண்டிக்கு 15,560 வெள்ளி, இரண்டாவதற்கு 23,825, மூன்றாவதற்கு 39,600. ஓஎம்வி இருமடங்கானபோது டெப்ரி ஒன்றரை மடங்குதான் ஆனது. இரண்டாவது வண்டிக்கு ஆதரவாகப் பேசுகிற எண் இது ஒன்றுதான். ஆனால் வலுவான எண்.

மூன்றாவது வண்டிக்கு அந்த ஆதரவும் கிடையாது. முதல் 20,000-க்குள் வண்டியின் மதிப்பு ஒரு வெள்ளி கூடினால் விலையில் 2.31 வெள்ளி கூடுகிறது. 40,000-க்கும் 60,000-க்கும் நடுவில் அது 3.21. 80,000-க்கு மேல் 4.51. அதாவது மேல்தட்டில் நல்ல இருக்கைக்கும் நல்ல ஒலிபெருக்கிக்கும் நாலரை மடங்கு கொடுக்கிறீர்கள். போதாததற்கு, ஓஎம்வி 73,600-ஐத் தாண்டினால் பத்தாம் ஆண்டிலும் 60,000 வரம்பு இடிக்கும். ஐந்தாம் ஆண்டிலேயே விற்றுவிடுபவருக்கு அது சுமார் 56,800-லேயே இடிக்கும். அதற்குமேல் கட்டும் ஏஆர்எஃப்பில் ஒரு காசும் திரும்பாது. பார்ஃப் விதி வண்டி பதிவாகும் காலத்தைப் பொறுத்தது; பட்ஜெட் இதை எப்போது இறுக்கினாலும் அடி முதலில் விழுவது ஓஎம்வி கூடிய வண்டிக்குத்தான். ஆகவே முன்பணம் கட்டுமுன் உங்கள் வண்டிக்கு எந்த அட்டவணை பொருந்தும் என்று அரசின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் பார்த்து, மேலே உள்ள கூட்டலை அந்த எண்களை வைத்து மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

மாதத்துக்கு ஆயிரம் வெள்ளி

டெப்ரியோடு நிற்பதில்லை. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டம், பெட்ரோல் லிட்டர் 2.80 வெள்ளி என்று வைப்போம். முதல் வண்டி நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடித்தால் ஆண்டுக்கு 2,940 வெள்ளி. இரண்டாவது 9 லிட்டருக்கு 3,780. மூன்றாவதற்கு 98 ஆக்டேன் போட்டு லிட்டருக்கு 3.30 கொடுத்தால், 11 லிட்டர் கணக்கில் 5,445. சாலை வரி சூத்திரத்தின்படி 1,598 சிசிக்கு ஆண்டுக்கு 742 வெள்ளி, 1,998 சிசிக்கு 1,210, 2,998 சிசிக்கு 2,383. காப்புறுதி, 50 விழுக்காடு என்சிடியோடு (இழப்பீடு கேட்காதவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி), முறையே 1,300, 2,200, 3,800 என்று தோராயமாக வைக்கலாம். சர்வீஸும் டயரும் 1,000, 2,500, 4,500. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கூரையுள்ள நிறுத்தத்தில் மாதம் 110 வீதம் 1,320. இஆர்பி என்னும் மின்னணுச் சாலைக் கட்டணம், வெளி நிறுத்தக் கட்டணம் 1,500.

கூட்டினால் மாதச் செலவு முதல் வண்டிக்கு சுமார் 2,030 வெள்ளி, இரண்டாவதற்கு 3,030, மூன்றாவதற்கு 4,880. முடிவெடுக்க வேண்டிய கேள்வி இப்போது கைக்கு அடக்கமாகிவிட்டது: மாதம் ஆயிரம் வெள்ளி கூடக் கொடுப்பதற்கு என்ன கிடைக்கிறது?

வேகம் கிடைக்காது. விரைவுச்சாலைகளில் வரம்பு 70 முதல் 90 கிலோமீட்டர். மாலை ஆறரைக்குப் பிஐஇ விரைவுச்சாலையில் 250 குதிரைத்திறனும் 120 குதிரைத்திறனும் ஒரே வரிசையில் ஊர்கின்றன. பாதுகாப்பு வேறுபாடும் முன்புபோல் பெரிதாக இல்லை. தானியங்கி அவசரத் தடுப்பு, தடம் விலகாமல் காக்கும் வசதி எல்லாம் இப்போது சாதாரண டொயோட்டாவிலேயே வருகின்றன. காசு தெரியும் இடங்கள் வேறு: இரட்டை அடுக்கு ஒலித்தடுப்புக் கண்ணாடி, தொடையைத் தாங்கும் நீளமான இருக்கை, பழுது பார்த்த சாலையில் உடம்பை உலுக்காத சஸ்பென்ஷன், நல்ல பிரேக். தினமும் இருபது நிமிடம் ஓட்டுபவருக்கு இவற்றின் பயன் குறைவு. மாதம் இருமுறை துவாஸ் வழியாகக் கோலாலம்பூருக்கோ ஈப்போவுக்கோ போய் வரும் குடும்பத்துக்கு, பின்னிருக்கையில் முதுகுவலிக்கார அம்மா அப்பா இருந்தால், பயன் மிக அதிகம். முடிவைத் திருப்ப வேண்டியது இந்த ஓட்ட முறைதான். சம்பளம் மட்டும் அல்ல.

ஒன்றை யாரும் காட்சிக்கூடத்தில் சொல்வதில்லை. இங்கே கார் நிறுத்தக் கட்டம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். இப்போதைய பிஎம்டபிள்யூ 7 வரிசையின் நீளம் 5.39 மீட்டர். அரை மீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதைவிடச் சிறிய, 1.88 மீட்டர் அகலமுள்ள வண்டிக்கும் இருபக்கமும் 26 சென்டிமீட்டர்தான் மிச்சம். பக்கத்து வண்டிக் கதவு இடிக்காமல் இருப்பது பக்கத்து வண்டிக்காரரின் குணத்தைப் பொறுத்தது. பல மாடி நிறுத்தத்தின் வளைவுச் சரிவுகளில் 19 அங்குல ரிம் கல்விளிம்பில் உரசுவது மிகச் சாதாரணம். அதற்குக் காப்புறுதி கேட்டு, 50 விழுக்காடு என்சிடியை 20-க்கு இறக்கிக்கொள்பவர் யாரும் இல்லை. கைக்காசுதான்.

கடனும் வட்டியும்

ஓஎம்வி 20,000-க்குள் என்றால் விலையில் 70 விழுக்காடுவரை கடன்; மேலே போனால் 60. அதிகபட்சம் ஏழு ஆண்டு. இரண்டாவது வண்டிக்கு 106,800 வெள்ளி ரொக்கமாக வேண்டும். மீதி 160,200-க்கு 2.5 விழுக்காடு வட்டி என்று விளம்பரம் சொல்வது தட்டை வட்டி. முதல் குறையக் குறைய வட்டி குறையாது. ஏழாண்டில் 28,035 வெள்ளி வட்டி, மாதத் தவணை சுமார் 2,240. குறையும் முதலுக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி 4.7 விழுக்காடு அளவுக்கு வரும். முதல் வண்டிக்கு இதே கணக்கில் வட்டி 17,535. மேலே சொன்ன ஆயிரத்தோடு இந்த வித்தியாசத்தையும், கூடுதலாக முடங்கும் நாற்பதாயிரம் ரொக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 

சின்னத்துக்காக வாங்கும் வண்டி

ஏ பிரிவு என்றால் 1,600 சிசிக்கு மேல் போகக்கூடாது. 2014 பிப்ரவரி முதல் 97 கிலோவாட், அதாவது 130 குதிரைத்திறனையும் தாண்டக்கூடாது. அதற்குமுன் 1.6 லிட்டர் டர்போ போட்ட பென்ஸும் பிஎம்டபிள்யூவும் ஏ பிரிவிலேயே சிஓஇ எடுத்தன. அந்தக் கதவை அடைக்கத்தான் இந்த விதி. தயாரிப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1.0 லிட்டர் ஆடி ஏ3, மூன்று சிலிண்டர் பிஎம்டபிள்யூ 216 என்று ஏ பிரிவுக்குள் அடங்கும் வண்டிகள் வந்தன.

இருக்கும் வழிகளில் இதைத்தான் கடைசியில் வைக்கத் தோன்றுகிறது. பணம் கொடுத்தது சொகுசுக்கு; வந்தது மூன்று சிலிண்டர் இன்ஜின், சிறிய பின்னிருக்கை. ஆனால் டீலர் பட்டறையின் மணிக்கூலி, உதிரிபாக விலை, காப்புறுதி எல்லாம் பெரிய அண்ணன் வண்டிக்கு உரியவை. அதே பணத்தில் எல்லா வசதியும் போட்ட ஜப்பானிய ஹைபிரிட் கிடைக்கும். பென்ஸ் நட்சத்திரம் வாசலில் நிற்க வேண்டும் என்பது ஒரு காரணம்தான், தவறில்லை. ஆனால் அதை மதிப்பு என்று பெயர் மாற்றிக் கணக்கில் எழுதக்கூடாது.

ஐந்து வயது சொகுசு வண்டி

"புதுசு எடுத்தவன் நஷ்டப்படட்டும், நாம ரெண்டாவது கையில எடுப்போம்" என்ற யோசனை மற்ற நாடுகளில் நன்றாக வேலை செய்யும். இங்கே அவ்வளவாகச் செய்யாது. காரணம், பழைய வண்டியின் விலைக்கு அடியில் தாள் மதிப்பு உட்கார்ந்திருக்கிறது. மேலே சொன்ன இரண்டாவது வண்டி ஐந்து வயதில் ரத்தானால் பார்ஃப் 43,125, மீதி சிஓஇக்கு 55,000, ஆக 98,125 வெள்ளி திரும்பும். அதற்குக் கீழே யாரும் விற்கமாட்டார்கள். சந்தையில் 135,000 என்று வாங்கினீர்கள் என்றால், பத்தாம் ஆண்டில் 28,750 திரும்பியபின் உங்கள் டெப்ரி ஆண்டுக்கு 21,250. புதிதாக வாங்கியவருக்கு 23,825. மிச்சம் ஆண்டுக்கு இரண்டரை ஆயிரம். அதுவும் உத்தரவாதம் முடிந்த ஐந்து ஆண்டுகளில். ஒரு கியர்பெட்டி வேலை இரண்டு வருட மிச்சத்தை விழுங்கிவிடும்.

2019, 2020-ல் சிஓஇ இன்றைக்குப் பாதிக்கும் கீழே இருந்தபோது பதிவான வண்டி மலிவாகக் கிடைக்கும் என்பதும் தப்புக் கணக்கு. சந்தை இன்றைய சிஓஇயை வைத்து விலை சொல்கிறது. அந்த லாபத்தை விற்பவர் எடுத்துக்கொள்வார். உங்களுக்கு மிஞ்சுவது குறைந்த தாள் மதிப்பு மட்டும்.

பழையதில் மிச்சம் பிடிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, லெக்சஸ் ஹைபிரிட் போன்றவை: டொயோட்டாவோடு பல பாகங்களைப் பகிர்ந்துகொள்வதால் வெளிப் பட்டறையிலும் வேலை தெரியும், பாகமும் கிடைக்கும். ஓட்டும்போது பிஎம்டபிள்யூபோல் உற்சாகம் இருக்காது, அமைதி இருக்கும். இன்னொன்று, டீலரிடம் நீட்டிப்பு உத்தரவாதத்தோடு வரும் வண்டி, எது அடங்கும் எது அடங்காது என்பதை எழுத்தில் படித்தபின்.

உத்தரவாதம் முடிந்தபின் போகும் பாகங்கள்

ஐரோப்பிய வண்டி மட்டமானது என்பதல்ல. இன்ஜின் அறையின் சூடு, வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஈரம், பத்து நிமிட ஓட்டம், ஊர்ந்து செல்லும் நெரிசல் இந்த நான்கும் சேர்ந்து ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் முன்னதாகவே கெடுக்கின்றன.

குளிர்நீர் அமைப்பு முதலில். விரிவுத் தொட்டி, தெர்மோஸ்டாட் உறை, தண்ணீர் பம்ப் மூன்றும் பெரும்பாலும் பிளாஸ்டிக். டர்போவின் சூட்டில் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் விரிசல் விடும். குளிர்நீர் குறைவு எச்சரிக்கை வந்தால் வெறுமனே நிரப்பிவிட்டு ஓட்டாதீர்கள். ஒருமுறை கொதித்தால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும், செலவு பத்து மடங்காகும். தொட்டி போகும்போதே தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிடுவது நல்லது, கூலி ஒன்றுதான்.

அடுத்தது எண்ணெய்க் கசிவு. வால்வு மூடி கேஸ்கெட்டும், எண்ணெய் வடிகட்டி உறையின் கேஸ்கெட்டும் இறுகி ஓரத்தில் வியர்க்கும். பிஎம்டபிள்யூவில் வடிகட்டி உறைக் கசிவு பெல்ட்டின்மேல் சொட்டினால், பெல்ட் நழுவி கிராங்க் சீலுக்குள் இழுபட்டு இன்ஜினுக்கே ஆபத்தாகலாம். சில நூறு வெள்ளி வேலையைத் தள்ளிப்போட்டு இன்ஜினைத் திறப்பவர்கள் உண்டு.

ஃபோக்ஸ்வேகன், ஆடி வண்டிகளில் வந்த ஏழு வேக உலர் கிளட்ச் கியர்பெட்டி நெரிசலுக்கு ஏற்றதல்ல. முதல், இரண்டாம் கியர் மாறும்போது நடுக்கம் என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. கியர் விழாமல் அடம்பிடித்தால் மெக்கட்ரானிக்ஸ், அதாவது கியரை மாற்றும் கட்டுப்பாட்டுப் பகுதி. சில ஆயிரம் வெள்ளி வேலை. உட்லண்ட்ஸ் பாலத்தில் அங்குலம் அங்குலமாக ஊராமல், பிரேக்கை முழுதாக அழுத்தி நின்று, ஒரு வண்டி இடம் விட்டபின் நகர்ந்தால் கிளட்ச் பிழைக்கும். பிஎம்டபிள்யூவில் வரும் இசட்எஃப் எட்டு வேகப் பெட்டி இதைவிட எவ்வளவோ மேல். "ஆயுள் முழுதுக்கும் எண்ணெய்" என்று சொன்னாலும், பெட்டியைச் செய்த இசட்எஃப் 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. அதைக் கேளுங்கள்.

காற்று சஸ்பென்ஷன் உள்ள வண்டி காலையில் ஒரு மூலை தாழ்ந்து நின்றால் ரப்பர்ப் பை கசிகிறது. உடனே பார்க்காவிட்டால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி எரிந்துபோகும்; ஒரு பாகத்தின் செலவு இரண்டாகும். மாற்றுகையில் ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும்.

கூரைக் கண்ணாடி உள்ளவர்கள் கவனிக்க: திறந்தவெளி நிறுத்தங்களில் தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள் அதன் வடிகுழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். டிசம்பர் மழையில் தண்ணீர் தூண் வழியாக இறங்கிக் கால்விரிப்புக்கு அடியில் தேங்கும். பல வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அங்கேதான் இருக்கின்றன. ஆண்டுக்கு இருமுறை குழாய்களைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

சிக்னலில் தானாக நின்று மறுபடி இயங்கும் இன்ஜினுக்கு ஏஜிஎம் வகை பேட்டரி வேண்டும். சாதாரண பேட்டரி தாங்காது. பிஎம்டபிள்யூவில் மாற்றியபின் கணினியில் பதிவு செய்யாவிட்டால், பழைய பேட்டரி என்று எண்ணியே மின்னூட்டி புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும். நேரடி எரிபொருள் செலுத்தும் இன்ஜினில் உள்வால்வில் கரி படிவதும் இங்கே அதிகம். காலையில் குலுங்கி ஓடினால் அதையும் சந்தேகிக்கலாம்.

இந்த வயதில் வருடத்துக்கு மூன்றாயிரம் முதல் ஐந்தாயிரம் வெள்ளி ஒதுக்கிவைக்க முடியாதவர் ஐரோப்பிய வண்டியைத் தொடாமலிருப்பது நல்லது. ஒதுக்க முடிந்தவருக்கு வெளிப் பட்டறை கைகொடுக்கும். 2017-ல் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டபின், வெளியே சர்வீஸ் செய்ததற்காக மட்டும் உத்தரவாதத்தை ரத்து செய்யும் நிபந்தனைகளை டீலர்கள் நீக்கினார்கள். ரசீதில் எண்ணெயின் தரக்குறி இருக்கட்டும்: பிஎம்டபிள்யூவுக்கு எல்எல்-01, பென்ஸுக்கு 229.5, ஃபோக்ஸ்வேகன் குழுமத்துக்கு 504 00 என்று கையேடு கேட்பது எதுவோ அது. ஜோகூரில் கூலி குறைவுதான். எண்ணெய், பிரேக் கட்டைக்குப் போகலாம். கணினி வேலைக்குப் போனால், மறுபடி கோளாறு வந்தால் எல்லையில் இரண்டு மணிநேரம் நிற்கவேண்டியது நீங்கள்தான்.

பத்து வயது தாண்டிய வண்டி

டெப்ரி மட்டும் பார்த்தால் எல்லாவற்றிலும் மலிவு இதுதான். முந்தைய மூன்று மாதச் சராசரி சிஓஇ 110,000 என்றால் ஐந்தாண்டுப் புதுப்பிப்புக்கு 55,000. வண்டிக்கு 10,000 கொடுத்தாலும் ஆண்டுக்கு 13,000 வெள்ளி; புது ஜப்பானிய வண்டியைவிடக் குறைவில் ஒரு பெரிய பென்ஸ். பார்ஃப் போய்விடும். ஐந்தாண்டுப் புதுப்பிப்பை மறுபடி நீட்டிக்க முடியாது. சாலை வரியில் பத்து வயதுக்குமேல் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு கூடி ஐம்பதுவரை போகும், பரிசோதனை ஆண்டுதோறும். வீட்டில் இன்னொரு வண்டியோ பக்கத்தில் எம்ஆர்டி ரயில் நிலையமோ இருப்பவருக்கு, வண்டி ஒரு வாரம் பட்டறையில் கிடந்தாலும் பரவாயில்லை என்பவருக்கு, இது சரியான வழி. தினமும் பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டியவருக்கு அல்ல.

மின்வண்டி கணக்கைக் குழப்புகிறது

மின்வண்டிக்கு ஏ பிரிவு வரம்பு 110 கிலோவாட். அமைதி, மிருதுவான இழுப்பு, பெரிய திரை, நல்ல குளிரூட்டல் எல்லாம் அதற்குள்ளேயே கிடைத்துவிடுகின்றன. முன்பு சொகுசு வண்டி மட்டும் தந்தவை இவை. 2024-ல் சீன நிறுவனமான பிஒய்டி இங்கே மிக அதிகம் விற்ற பெயர்களில் ஒன்றானதற்கு இதுவும் ஒரு காரணம். சாலை வரி மட்டும் மலிவல்ல: 110 கிலோவாட்டுக்கு, ஆண்டுக்கு 700 வெள்ளி கூடுதல் கட்டணத்தோடு, சுமார் 1,560. மின்னேற்றம் யூனிட்டுக்கு 60 காசு என்றால் 15,000 கிலோமீட்டருக்கு 1,440 வெள்ளி; பெட்ரோலில் பாதி. மாதம் ஆயிரம் வெள்ளி அமைதிக்காகத்தான் என்றால், ஐரோப்பிய டர்போவுக்குமுன் இதை ஓட்டிப் பாருங்கள். இருக்கையும் சாலைப்பிடிப்பும் முக்கியம் என்பவருக்கு இன்னும் வித்தியாசம் தெரியும். பேட்டரிக்கு எட்டு ஆண்டு உத்தரவாதம் வழக்கம். மறுவிற்பனை விலை மட்டும் இன்னும் நிலைக்கவில்லை, ஆகவே பத்தாண்டு ஓட்டும் எண்ணமிருந்தால் வாங்குங்கள்.

பழையதென்றால், முன்பணம் கொடுக்குமுன்

ஒன்மோட்டரிங்கில் உள்ள வண்டி விவரத்தில் பதிவுத் தேதி, ஓஎம்வி, எத்தனை கை மாறியது, பார்ஃப், சிஓஇ கழிவு எல்லாம் பாருங்கள். மூன்றாண்டில் மூன்று உரிமையாளர் என்றால் ஏன் என்று கேளுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய் முதல் ஸ்டார்ட்டை நீங்களே கேளுங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். பல மாடி நிறுத்தத்தில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி ஏறுங்கள், வேகத்தடையில் மெதுவாக இறங்குங்கள். சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் அங்கே பேசும். பின் விகாம், எஸ்டிஏ அல்லது ஏஏ சிங்கப்பூர் போன்ற வண்டிப் பரிசோதனை நிலையத்தில் வாங்குமுன் சோதனைக்கு விடுங்கள். அதோடு அந்த வண்டி வகையைத் தெரிந்த பட்டறையில், தயாரிப்பாளரின் மென்பொருளில் எல்லாக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் கோளாறுக் குறிகளையும் எடுக்கச் சொல்லுங்கள். பொதுவான கையடக்கக் கருவி இன்ஜினை மட்டும்தான் படிக்கும்.

காப்புறுதி விலையை அன்றே கேட்டுவிடுங்கள், இழப்பீடு கேட்கும்போது நீங்கள் கட்ட வேண்டிய சொந்தப் பங்கு எவ்வளவு என்பதையும். சில சொகுசு வண்டிகளுக்கு அது சாதாரண வண்டியைவிடப் பலமடங்கு. ஒப்பந்தத்தில் "சோதனையில் தேறாவிட்டால் முன்பணம் முழுதும் திரும்பும்" என்ற வரியைக் கையால் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். 2012 செப்டம்பர் முதல் உள்ள சட்டப்படி, வணிகரிடம் வாங்கிய பழைய வண்டியிலும் ஆறு மாதத்துக்குள் தெரியவரும் கோளாறு வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. தனியாள் கையிலிருந்து நேரடியாக வாங்கினால் இந்தச் சட்டம் கைகொடுக்காது.